அறுபத்தைந்து கிலோவுக்குள்

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் அரைக்கிறேன். சொந்த ஊர் மேச்சேரிக்கு அருகில். அங்கே இப்போது யாரும் இல்லை. பண்ணையிலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். வேலை முடிந்தால் பேச ஆள் கிடையாது. கோழிகள்தான் சத்தம் போடும்.

அதனால்தான் கபடி. முப்பத்தாறு வயதில் ஆடுகிற ஆட்டமா என்று கேட்கலாம். காலைப் பிடித்தால் விடமாட்டேன், அதற்காக ஊர் டீமில் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஆறு பேர் அண்ணா என்று கூப்பிடுவார்கள். அது எனக்குப் போதும்.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் எடைக் கணக்கு உண்டு. அறுபத்தைந்து கிலோவுக்குள் இருந்தால்தான் இறங்கலாம். போன சித்திரையில், போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, தீவன மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினேன். அறுபத்தெட்டு. கேப்டன் எட்டிப் பார்த்தான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவன்.

"மூணு கிலோதானுங்ணா. உருக்கிரலாம்" என்றான்.

உருக்குவது இப்படி. சோறு கிடையாது. தண்ணீர் வாய் கொப்பளிக்க மட்டும். பலத்துக்குப் பச்சை முட்டை. கீறல் விழுந்த முட்டைகளைப் பண்ணையில் எங்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். காலையில் ஆறு முட்டையை டம்ளரில் உடைத்து ஊற்றிக் குடித்தேன். மத்தியானம் தீவன லாரியின் கேபினில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டு வெயிலில் உட்கார வேண்டும். சீட் நனைகிற அளவு வேர்க்கும். கொழுப்பு உருகி ஓடுகிறது என்றார்கள். நானும் நம்பினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் தனியாக இருக்கவில்லை. ஒருத்தன் மாற்றி ஒருத்தன் வந்து கேபினுக்கு வெளியே நின்றான். "வெந்துட்டீங்களாண்ணா, மசாலா போடலாமா?" என்று ஒருத்தன் கண்ணாடியைத் தட்டினான். உள்ளிருந்தபடியே சிரித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

போட்டியன்று எடை அறுபத்தைந்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கைதட்டினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஒருத்தன் காலைப் பிடித்தேன். என் கெண்டைக்காலில் சதை முறுக்கிக் கொரக்களி இழுத்தது. பிடி விட்டுவிட்டது. எழுந்து நின்றேன், கண் இருட்டியது. அந்த ஆட்டத்தில் தோற்றோம். என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்ன சாப்பிட்டேன் என்று டாக்டரம்மா கேட்டார். எல்லாம் சொன்னேன். திட்டவில்லை.

"உங்க உடம்புல இருந்து போனது கொழுப்பு இல்லீங்க, தண்ணி" என்றார்.

பச்சை முட்டையைவிட வேகவைத்த முட்டையின் சத்துதான் உடம்பில் நன்றாகச் சேரும் என்றார். கீறல் வழியாகக் கிருமி போயிருக்கும், வேகாமல் தொடவே கூடாது என்றார். ஓடியாடுகிற ஆளுக்குச் சோறு எதிரி இல்லையாம். கொரக்களியும் தண்ணீர் குடிக்காததால்தானா என்று கேட்டேன். அதை உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்குப் பல காரணம் இருக்கும், மயக்கம் வந்தது தண்ணீர் இல்லாமல்தான் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் மற்றதையும் நம்பினேன்.

திரும்பி வந்து இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டேன், தண்ணீர் குடித்தேன். தராசில் ஏறினால் மறுபடி அறுபத்தெட்டு. போனது கொழுப்பு என்றால் இரண்டு நாளில் எப்படித் திரும்பி வரும்? இதைக் கேப்டனிடம் கேட்டேன்.

"டாக்டரம்மா எந்த டீமுக்கு ஆடுனாங்களாமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆடியில் அடுத்த போட்டி வந்தது. கேப்டன் பண்ணைக்கே வந்துவிட்டான். "நீங்க இல்லாட்டி ஓரத்துல புடிக்க ஆளில்லீங்ணா. நாலே நாளு. நாங்க பாத்துக்கறோம்."

கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியில் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் அவன்தான். பார்த்துக்கொள்வார்கள் என்பதும் நிஜம். மறுபடி கேபினுக்கு வெளியே வந்து நிற்பார்கள். சாப்பாட்டைச் சரிசெய்து இரண்டு மூன்று மாதத்தில் எடையை இறக்குகிறேன் என்றேன். போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றான்.

"எனக்கு ஆவாது சாமி" என்றேன்.

"செரிங்ணா" என்று வண்டியைத் திருப்பினான்.

என் இடத்தில் பட்டறை ஆள் ஒருத்தனை இறக்கினார்கள். அவனும் தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீர் குடிக்கவில்லை. விழவும் இல்லை. கோப்பை வாங்கிவிட்டார்கள்.

டீக்கடையில் பார்த்தபோது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். ஆகாமல் இருந்தது நல்லதுதான். ஹெல்மெட் இல்லாமல் பத்துத் தடவை சேலம் போய் வந்தவனுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. வாய்வரை வந்தது. டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஜெயித்துவிட்டு வந்தவர்களிடம் என்ன பேசுவது.

இப்போது கிரவுண்டுக்குப் போவதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் தீவன மில்லை நிறுத்தினால் கபடி கபடி என்று காற்றில் லேசாகக் கேட்கும். சட்டென்று நிற்கும். பிடிபட்டது யார் என்று இங்கிருந்து தெரியாது.