நான் வைத்த நாலு

பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் எல்லைகளும் தொடர்ச்சியும் வரும். வழக்கமாகத் தை மாதம் அதைத் தொடங்குவேன். கொடைக்கானலில் அப்போது உறைபனி. பிள்ளைகள் ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒருவரும் பேனாவைத் தொடமாட்டார்கள். அந்த வருடம் நானே மரத்துப்போய்த்தான் இருந்தேன், ஆனால் பனியால் இல்லை. ஐப்பசியில் என் கணவர் இறந்துபோயிருந்தார்.

எங்கள் வீடு பள்ளங்கியில். அவர் பூண்டும் காரட்டும் போட்டார். நான் தினமும் பஸ் ஏறி டவுனுக்கு வந்து பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மழை விட்ட ஒரு காலையில் தோட்டத்து வாய்க்காலை ஒதுக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்தார் என்று சொன்னார்கள். தகவல் வந்தபோது நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சாக்பீஸை டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அதைச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அது பெரிய குறையாக இருந்தது. "படிச்ச பொம்பளல்ல, கல்லாட்டம் ஒக்காந்திருக்கு பாரு" என்று ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால் சொன்னாள். கல்லும் வெயிலில் சூடாகும் அம்மா என்று வாய் வரை வந்தது. அதற்கும் தெம்பில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விதைக்கு எடுத்து வைத்த மலைப்பூண்டைக் காய்ந்த தாளோடு சேர்த்துக் கட்டி, விறகடுப்புக்கு மேலே குறுக்குக் கம்பில் தொங்கவிடுவோம். தினமும் புகை பட்டால்தான் அடுத்த நடவு வரை கெடாமல் இருக்கும். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, பங்காளி வீடுகளுக்கும் தீட்டு. அதனால் உறவில்லாத ஒரு வீட்டார் வந்து விதைக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காப்பாற்றுவார்கள். காரியம் முடிந்த பிறகு அவர்களாகத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. வீட்டுக்காரி தானே போய்க் கேட்டு வாங்கி வந்து, அன்றைக்கே தன் விறகடுப்பை மூட்ட வேண்டும்.

எங்கள் கட்டுகள் எதிர்வீட்டு அக்காவிடம் போயின. காரியம் முடிந்தது. நான் போய்க் கேட்கவில்லை. கேஸ் அடுப்பில் ஒரு டம்ளர் அரிசி வைத்துச் சாப்பிட்டேன். விறகடுப்பு சாம்பலோடு கிடந்தது.

அந்தப் பூண்டு அவர் வருடா வருடம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த விதை. சித்திரை மழைக்குப் பிறகு நடவு தொடங்கிவிடும். அதற்குள் நான் கேட்காவிட்டால் அது அக்கா வீட்டு விதையோடு சேர்ந்து அவர்கள் மண்ணுக்குள் போய்விடும். அவர் விதை என்று தனியாக ஒன்று அதோடு முடிந்தது. இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அக்கா வீட்டுப் படல் வரை போவேன், படலில் கை வைக்காமல் திரும்பிவிடுவேன். கேட்டு வாங்கினால் அடுப்பை மூட்ட வேண்டும். அடுப்பை மூட்டினால் அவர் இல்லாத வீடு நடக்கத் தொடங்கிவிடும். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை.

இந்த நிலையில்தான் வகுப்பில் எல்லைகளைத் தொடங்கினேன். எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். மேலே எக்ஸ் வர்க்கம் கழித்தல் நாலு, கீழே எக்ஸ் கழித்தல் இரண்டு. எக்ஸுக்கு இரண்டைப் போட்டால் மேலும் பூச்சியம், கீழும் பூச்சியம். அப்படி வகுக்க முடியாது. ஆகவே இரண்டு என்ற இடத்தில் அந்தச் சார்புக்கு, அதாவது ஃபங்ஷனுக்கு, மதிப்பே கிடையாது. ஆனால் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒன்று புள்ளி ஒன்பது போட்டால் மூன்று புள்ளி ஒன்பது வரும். அந்தப் பக்கமிருந்து இரண்டு புள்ளி ஒன்று போட்டால் நாலு புள்ளி ஒன்று. நெருங்க நெருங்க விடை நாலை நெருங்கும். அந்த நாலுதான் எல்லை. படம் வரைந்தால் ஒரு நேர்கோடு, நடுவில் சின்னதாக ஒரு வெற்று வட்டம்.

வருடம் தவறாமல் பிள்ளைகள் இதில் ஒரே தப்பைச் செய்வார்கள். மேலும் கீழும் எக்ஸ் கழித்தல் இரண்டை அடித்துவிட்டு, மிச்சத்தில் இரண்டைப் போட்டு, மதிப்பு நாலு என்று எழுதிக் கோட்டை விடாமல் இழுத்துவிடுவார்கள். அடித்த உடனே ஓட்டை மறைந்துபோனதாக நினைப்பு. நான் சிவப்பு மையால் அந்த வட்டத்தைத் திரும்பப் போடுவேன். அந்த வருடம் பேனா அழுந்தித் தாளே கிழிந்தது. ஏனென்றால் எனக்கு ஆறுதல் சொன்ன அத்தனை பேரும் அதைத்தான் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனசைத் தேத்திக்கோ, ஆக வேண்டியதைப் பாரு. ஓட்டையை அடித்துவிட்டு மேலே போ. எனக்கு எரிச்சலாக வந்தது. மரத்துப்போன உடம்பில் அந்த எரிச்சல் ஒன்றுதான் உயிரோடிருந்தது.

கிளாவரைக் கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"மிஸ், ரெண்டு பக்கமும் நாலைத்தான காட்டுது. அந்த எடத்துல நாலுன்னு நாமளே வச்சிட்டா என்ன?"

"வைக்கலாம். வச்சா கோடு விடாமப் போகும். தொடர்ச்சி வந்துரும்."

"அப்ப ஓட்டை அடைஞ்சிருச்சுல்ல மிஸ்?"

"அடைஞ்சிரும். ஆனா அது நீ வச்ச நாலு. பழைய சார்பு குடுத்த நாலு இல்ல. அதுகிட்ட அந்த எடத்துல குடுக்கறதுக்கு எதுவும் கெடையாது."

அவள் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டாள். புத்தகத்தில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கே அது யாரோ சொன்னது போலத் திரும்பத் திரும்பக் கேட்டது. அழுகை அப்போதும் வரவில்லை.

சித்திரையில் மழை பெய்தது. அக்கா வீட்டுத் தோட்டத்தைக் கொத்திப் பாத்தி போட்டிருந்தது பஸ் ஜன்னலிலிருந்து தெரிந்தது. மறுநாள் சனிக்கிழமை. வெள்ளனே எழுந்து போய்ப் படலைத் திறந்தேன்.

"வெதையக் குடுங்க அக்கா" என்றேன். கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

அக்கா என்னை உட்காரவைத்தார். முகம் சரியில்லை. "கோவிச்சுக்காத தாயி. ஒங்க கட்டுக்குப் பச்சத் துணி, எங்க கட்டுக்குச் செவப்புத் துணின்னு அடையாளம் வச்சிருந்தேன். இப்பப் பாத்தா எல்லாம் ஒண்ணாக் கருகிப்போய்க் கெடக்கு. எது ஒங்களுது, எது எங்களுதுன்னு சத்தியமாத் தெரியல."

புகையில் தொங்கப்போகிற பொருளுக்கு நிறத்தால் அடையாளம் வைப்பதை எங்கள் ஊரில்தான் செய்வார்கள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அக்கா கண் கலங்கி, "எல்லாத்தையும் நீயே எடுத்துக்க தாயி" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் கிடந்த முக்காலியில் ஏறினேன்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், எங்கள் அடுப்புக்கு மேலே என் கணவர் கட்டியிருந்த கட்டு ஒன்று அவிழ்ந்து கொதிக்கிற சாம்பாரில் விழுந்து என் மேலெல்லாம் தெறித்தது. அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் வீட்டை விட்டே போயிருப்பார்கள். அவர் போகவில்லை. அதற்கப்புறம் கட்டிய ஒவ்வொரு கட்டுக்கும் கயிற்றை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி, முனையை உள்ளே செருகிவிடுவார். "டீச்சருக்குப் பயந்த முடிச்சு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார்.

கரி படிந்த கட்டுகளில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தடவினேன். சாதா முடிச்சு. சாதா முடிச்சு. அப்புறம் கூடுதல் சுற்று, உள்ளே செருகிய முனை. மரத்துப்போன விரல்தான், ஆனாலும் அதற்குத் தெரிந்தது. "இது எங்களுது" என்றேன். பிறகு ஒவ்வொன்றாக இறக்கினேன். அக்கா கை நீட்டி வாங்கிவைத்தார்.

வீட்டுக்கு வந்து கட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டேன். சாம்பலை அள்ளிப் போட்டுவிட்டு விறகடுப்பை மூட்டினேன். ஈர விறகு, புகை கண்ணை எரித்துத் தண்ணீர் வந்தது. அதை அழுகைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விதையை நட வேண்டுமென்றால் கட்டை அவிழ்த்துப் பல்லைப் பிரிக்க வேண்டும். நடவுக்கு வந்த பெண்கள் "அறுத்துவிட்டா வெரசா முடிஞ்சிரும் டீச்சர்" என்று அரிவாளை நீட்டினார்கள். வேண்டாம் என்று உட்கார்ந்து நகத்தால் அவிழ்த்தேன். நல்ல இறுக்கம். பயந்தவர் ஒழுங்காகத்தான் பயந்திருக்கிறார். கடைசி முடிச்சும் அவிழ்ந்தபோது என் மடியில் கயிறுகள் மட்டும் கிடந்தன, வளைவு போகாமல்.

புரட்டாசியில் பூண்டு எடுத்தோம். நன்றாகவே விளைந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து விதைக்கு ஒதுக்கியதை அதே கயிறுகளால் கட்டினேன். அக்கா ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, ஒன் முடிச்சு இம்புட்டு இறுக்கமா இருக்கு?" என்றார்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். எல்லாக் கட்டிலும் ஒரு சுற்று கூடுதலாக இருந்தது, முனை உள்ளே செருகியிருந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை, கை செய்திருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். அவர் கட்டியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு அவர் கட்டியதுதான் வேண்டியிருந்தது. அக்கா பக்கத்தில் இருக்கும்போதே அழுதேன்.

நாலுதான். ஆனால் நான் வைத்த நாலு.