பூட்டிய காருக்குள் மாமனார்

கொரோனா ஓய்ந்த மறு வருஷம், மே மாதத்தில் ஒரு புதன்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். என் மாமனார் பூட்டிய காருக்குள் வெந்துகொண்டிருந்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

கர்த்தருக்குள் அன்பானவர்களே, சாட்சி சொல்கிறவர்கள் சாந்தமாகச் சொல்ல வேண்டும் என்று எங்கள் சபையில் ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கு அது வராது. என் பெயர் எஸ்தர். வீடு கெலமங்கலம். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, இரண்டாம் ஷிப்ட். என் வாய்க்குப் பயந்து எங்கள் சூப்பர்வைசரே சுற்று வழியில் போவார். அந்த வாயோடுதான் இதையும் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு முந்தைய டிசம்பரில் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். வாரத்தில் மூன்று நாள் ஓசூர் பாகலூர் ரோட்டில் இருக்கும் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்ட். அதனால் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, காரில் ஏற்றுவது, இறக்குவது எல்லாம் என் தலையில். மாமா லேசுப்பட்டவர் இல்லை. சோற்றில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளுவார். நானும் சும்மா இருக்க மாட்டேன்.

கார் எலக்ட்ரிக் கார். வாங்கி எட்டு மாதம். அதில் இரண்டு பேட்டரி உண்டு என்று பலருக்குத் தெரியாது. வண்டியை ஓட்டுவது பெரிய பேட்டரி. கதவுப் பூட்டு, ஹாரன், கண்ணாடி, திரை இவற்றுக்கெல்லாம் பானெட்டுக்குக் கீழே இருக்கும் சின்னப் பேட்டரிதான். மற்ற கார்களில் இருக்கும் அதே பன்னிரண்டு வோல்ட். அது செத்தால், பெரியது நிறைந்து கிடந்தாலும் வண்டி பிணம்தான்.

அந்தச் சின்னப் பேட்டரி ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் திரை மினுக்கி அணையும். பூட்டைத் திறக்கச் சாவியை இரண்டு முறை அமுக்க வேண்டும். நான் சர்வீஸ் சென்டருக்கு இரண்டு தடவை போனேன். அங்கே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர்.

“மேடம், பேட்டரி எண்பது பர்சன்ட் காட்டுது. ஒண்ணும் ஆகாது.”

“அது பெரிய பேட்டரிங்க. நான் சின்னதைக் கேக்கறேன்.”

“சாப்ட்வேர் அப்டேட் வருது மேடம். தானா சரியாயிடும்.”

எங்கள் லைனில் ஒரு பாகம் இரண்டு தரம் குறை காட்டினால் சிவப்புச் சீட்டு கட்டி ஓரமாக வைத்துவிடுவோம். இவர் பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் புதன்கிழமை கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தி அணைத்தேன். முன் சீட்டில் மாமா பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். சக்கர நாற்காலியை எடுத்துவர உள்ளே போனேன். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் நாற்காலியை வேறு யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். வரும் வரும் என்று கால் மணி நேரம் நின்றுவிட்டேன். இதற்கு நான் யார் மீதும் பழி போட முடியாது. நின்றது நான்தான்.

சாவி தூரப் போனால் கார் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதைத்தான் என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். திரும்பி வந்து சாவியை அமுக்கினேன். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினேன். விளக்கும் எரியவில்லை. கைப்பிடியை இழுத்தால் வரவில்லை. உள்ளே மாமாவின் முகமெல்லாம் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஓசூர் குளிர்ச்சியான ஊர் என்பார்கள். மே மாத வெயிலில் மூடின காருக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

“மாமா! உள்ள இருந்து கைப்பிடிய இழுங்க! இழுங்க மாமா!”

கதவு அவருடைய இடது பக்கம். விழுந்த கையின் பக்கம். வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து பார்த்தார். பெல்ட் இழுத்தது. எட்டவில்லை. கை மடியில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் முயலவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரருக்கு அடித்தேன். லைனில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். லாக்கருக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. கார் கம்பெனியின் அவசர உதவி எண்ணுக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டுக் கேள். கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

“உங்க சாவிக்குள்ளயே ஒரு இரும்புச் சாவி இருக்கும் மேடம். டிரைவர் கதவு கைப்பிடியில சாவித்துவாரம் இருக்கும். அதுல போட்டுத் திருப்புங்க.”

இரும்புச் சாவி வந்தது. டிரைவர் கதவுக்கு ஓடினேன். கைப்பிடி வழவழவென்று பளபளத்தது. துவாரம் எங்கே? மேலே தடவினேன், கீழே தடவினேன். இல்லை.

“ஓட்டையே இல்லம்மா!”

“இருக்கும் மேடம். மேனுவல்ல படம் போட்டிருக்கு, பாருங்க.”

“மேனுவல் வண்டிக்குள்ள இருக்குடீ!”

‘டீ’ போட்டது தப்புதான். அந்தப் பெண்ணிடம் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிரே பூ விற்கும் அம்மா கன்னடத்தில் “பேக பேக” என்று எல்லோரையும் அவசரப்படுத்தினார். தெலுங்கு பேசும் ஒரு டெம்போ டிரைவர் வீல் ஸ்பானரோடு வந்து பின் கண்ணாடியை ஓங்கி அடித்தார். இரண்டு அடி. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது அடியில் ஸ்பானர் வழுக்கி அவர் கையைக் கிழித்தது. “ஆகு அம்மா, சுத்தி தெஸ்தானு” என்று சுத்தியல் எடுக்க ஓடினார். உள்ளே மாமாவின் தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் கூசுகிறது. அன்று காலை அவரைக் குளிப்பாட்டும்போது, சோப்பு நுரையோடு என் மேல் தண்ணீரைத் தட்டிவிட்டார். குளியலறையிலிருந்து வெளியே வந்து சுவரைப் பார்த்து நான் ஜெபித்தேன். “ஆண்டவரே, ஒண்ணு இவரைக் கூப்பிட்டுக்கோ, இல்ல என்னைக் கூப்பிட்டுக்கோ. என்னால முடியல.” ஆமென் கூடச் சொன்னேன்.

அந்த ஜெபம்தான் அங்கே, கார் பக்கத்தில், எனக்கு ஞாபகம் வந்தது. ஆண்டவர் கேட்டுவிட்டார். நான் கேட்டதைத் தருகிறார். என் மகளின் படிப்புக்காக எத்தனை நாள் உபவாசம் இருந்தேன், என் முதுகுவலிக்காக எத்தனை அழுகை அழுதேன். அதற்கெல்லாம் காத்திரு, காத்திரு. இதற்கு மட்டும் மூன்று மணி நேரத்தில் பதிலா? எனக்கு வந்த கோபம் மனுஷர் மேல் வரும் கோபம் இல்லை.

டிரைவர் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைக் கதவில் ஊன்றிக் கத்தினேன். நடு ரோட்டில், அத்தனை பேருக்கும் முன்னால்.

“நீர் என்ன தேவனா இல்ல சர்வீஸ் சென்டரா? வாயில வந்ததை அப்படியே எழுதிக்குவீரா? காலைல சொன்னது வேணாம்! நான் அதைக் கேக்கல! இந்தக் கெழவரு எனக்கு வேணும்! தெறந்து வுடும்! இப்பவே தெறந்து வுடும்!”

இழுத்தேன். படாரென்று பின்னால் போய் விழுந்தேன். என் கையில் பளபளவென்று ஒரு தகடு. நான் முதலில் கைப்பிடியே பெயர்ந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. கைப்பிடி கதவிலேயே இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த குரோம் உறை, கீழே இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. மூடி இருந்த இடத்தில் சாவித்துவாரம்.

கார் வாங்கியபோது, சபையில் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வண்டி ஜொலிக்க வேண்டும் என்று, முந்தின நாள் என் வீட்டுக்காரர் கடையில் கொடுத்து நாலு கைப்பிடிக்கும் குரோம் ஒட்டிவந்தார். பாஸ்டர் அதன் மேல்தான் எண்ணெய் பூசி ஜெபித்தார். துவாரத்தை மூடிவிட்டோம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சாவி முரண்டு பிடித்தது, பிறகு திரும்பியது. கதவு திறந்ததும் அடுப்பு வாயில் அடிப்பது போல அனல் வந்தது. உள்ளே தவழ்ந்து போய் கைப்பிடியை இழுத்து மாமாவின் பக்கக் கதவைத் தள்ளினேன், பெல்ட்டை அவிழ்த்தேன். டெம்போ டிரைவர் ரத்தம் வழியும் கையோடு அவரைத் தூக்கிக் கிளினிக்குக்குள் கிடத்தினார். நனைத்த துணி, மின்விசிறி, தண்ணீர். அரை மணி கழித்து மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அந்தச் சட்டைக்காரரிடம் நான் பேசியது ரோட்டுக்கே கேட்டது. மதியத்துக்குள் சின்னப் பேட்டரி மாறியது. வீட்டுக்காரர் தன் கையாலேயே மற்ற மூன்று குரோமையும் உரித்துப் போட்டார். நான் உரிக்கச் சொல்லவில்லை, பார்த்த பார்வை போதும். உங்களில் எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய் அந்த இரும்புச் சாவியைப் போட்டு ஒரு முறை திறந்து பாருங்கள். இது சாட்சியில் சேர்ந்ததுதான்.

சபையில் ஒரு சகோதரி, “தேவதூதன் வந்து மூடியை எடுத்தான்” என்றார். இல்லை அம்மா. நான்தான் பிடுங்கினேன், நகம் இரண்டு பெயர்ந்தது. ஆனால் எத்தனையோ இடத்தில் காட்டியிருக்க வேண்டிய கோபத்தை அந்த ஒரு கைப்பிடியில் காட்ட வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

பத்து நாள் மனசு அறுத்தது. ஒரு நாள் காலை மாமாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். குளியலறை வாசலில் நான் என்ன ஜெபித்தேன் என்று, வார்த்தை மாற்றாமல். அவர் திட்டுவார் என்று இருந்தேன்.

அவர் குழறிக் குழறிச் சொன்னார். “நானுந்தாம்மா... அன்னிக்குக் காலைல... அதையேதான் கேட்டேன். உனக்குப் பாரமா இருக்கறேன்னு. கார்ல உக்காந்து... சரி, கூப்புடறாரு போலன்னு இருந்தேன்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “அப்பறம் நீ கத்துன. இந்தக் கெழவரு வேணும்னு. கண்ணாடி சாத்தியிருந்தும் கேட்டுச்சு. அப்ப நானும்... வேணாஞ்சாமி, இருந்துக்கறேன்னுட்டேன்.”

சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். 

இப்போதும் அவர் தட்டைத் தள்ளுகிறார். நானும் கத்துகிறேன். ஆனால் கத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டிவிடுகிறேன். பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் படுக்கையில் ஒருவர் இருக்கலாம். உங்கள் வாயிலும் அப்படியொரு ஜெபம் வந்திருக்கலாம். வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். கோபமிருந்தால் கோபத்தோடே ஆண்டவரிடம் போய்க் கத்துங்கள். ஒரே வீட்டில், ஒரே காலையில், நாங்கள் இரண்டு பேரும் ஒருமனப்பட்டு ஒன்றைக் கேட்டோம். அவர் தரவில்லை. அதற்காக அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.