அம்மா கல்லறையின் பால் மங்குகள்

தாவீது ராஜாவுக்கு அரண்மனை இருந்ததா இல்லையா என்று படித்தவர்கள் சண்டை போடுகிறார்களாம். ஜாசினில் டீச்சராக இருக்கும் என் மகள் சொன்னாள். பெரிய ராஜ்யம் என்கிறது ஒரு பக்கம். மலைமேல் ஒரு சின்னக் கம்பம், பத்து வீட்டு ஊர், அவ்வளவுதான் என்கிறது மறுபக்கம். அவர் வம்சத்தின் பேர் வெட்டிய உடைந்த கல் ஒன்று கிடைத்திருக்கிறதாம். அரண்மனை என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள ஒன்றும் இல்லையாம். ஒரே பானை ஓட்டைப் பார்த்து ஒருவர் அவர் காலம் என்கிறார், இன்னொருவர் பிந்தியது என்கிறார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பைபிளை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அன்று காலைதான் தோட்டத்துக்குப் போய் வந்திருந்தேன்.

செலண்டார் பக்கம் நாங்கள் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டிய தோட்டம். இப்போது செம்பனை. மறுநடவுக்காகப் பழைய இடுகாட்டையும் எடுக்கிறார்கள். பழைய கல்லறை என்று ருசுப்படுத்தினால் டவுன் கல்லறைக்கு மாற்றித் தருவார்கள். இல்லாவிட்டால் மண்வாரிதான். என் அம்மா அங்கே இருந்தாள்.

அம்மாவுக்குக் கல் வைக்கவில்லை. மரச் சிலுவை நட்டு, சுற்றிலும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களைக் கவிழ்த்துப் பதித்தோம். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தான். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் போய், உடைந்ததை எறிந்துவிட்டுப் புதிது வைப்பேன். ஒரு வருஷமும் விட்டதில்லை. பீங்கான் மங்கு போய் பிளாஸ்டிக் மங்கு வந்தது. சிலுவையைக் கறையான் தின்றது. தண்ணீர்க் குழாயை அறுத்து வேறு செய்து வைத்தேன். அந்த இடுகாட்டிலேயே சுத்தமான கல்லறை எங்களுடையது.

கணக்கெடுக்க வந்த தமிழ் ஆபீசர் ஒரு மங்கைப் பிடுங்கிப் பார்த்தார். வெறும் இடத்தில் மங்கு நட்டுவிட்டு உரிமை கேட்கிறவர்களும் இருக்கிறார்களாம்.

"பாட்டி, இது பத்து வருஷம்கூட இருக்காது லா. பழசு ஏதாச்சும் இருக்கா?"

"பழச நான்தான் தூக்கிப் போட்டேன்."

"எதுக்கு?"

"அம்மா இருக்கற எடம். ஒடஞ்சத வச்சிருப்பாங்களா?"

பக்கத்துக் கல்லறைக்கு யாரும் வருவதில்லை. மண்ணுக்குள் பாதி புதைந்து பீங்கான் மங்குகள் கிடந்தன. அதைப் பழைய கல்லறை என்று எழுதிக்கொண்டார்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன்.

"தாவீது ஊருலயும் அப்படித்தான் சொல்றாங்கம்மா. ஜனங்க விடாம குடியிருந்த ஊரு. பழசப் பேத்துப் பேத்துப் புதுசு கட்டியிருக்காங்க. அதான் ஒண்ணும் மிஞ்சலன்னு."

"அப்ப அவங்க பேச்ச ஒத்துக்கிட்டாங்களா?"

"பாதிப் பேரு ஒத்துக்கல."

வெள்ளிக்கிழமை மண்வாரி வந்தது. நான் போயிருந்தேன். முதலில் மங்குகள் வந்தன, வெள்ளை வெளேரென்று. அப்புறம் செம்மண். வேறொன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வந்துவிட்டேன்.