ஆணியில் தொங்கிய திறப்பு

காலை ஆறு மணி பத்து. குறிகட்டுவான் இறங்குதுறையில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது என் வலது செருப்பின் வார். அது தோலுக்குள் புதைந்து கிடந்தது. குனிந்து கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

தவக்காலத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அது. செருப்பின் வாரைத் தளர்த்திக்கொண்டு படகில் ஏறி வேலைக்குப் போனேன்.

என் பெயர் ஜெசிந்தா. ஊர் கரம்பொன். வயது நாற்பத்து நான்கு. எங்களுடையது கடற்றொழில் குடும்பம். கணவர் இன்றும் கடலுக்குப் போகிறார். கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்கும் வேலை செய்தேன். எழுத்துப்பிழையையும் மிகைப்படுத்தலையும் வெட்டுவதுதான் அந்த வேலை. ஆகவே இந்தச் சாட்சியிலும் நடந்ததற்கு மேல் ஒன்றும் இராது. ஆண்டவர் செய்தவற்றோடு நான் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை.

ஆறு வருடங்களாக நெடுந்தீவில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். நாலரைக்கு எழுந்து, பால் விடாத பிளேன்ரீ அரைக் கோப்பை குடித்து, பேருந்து பிடித்து, படகு பிடித்துப் போக வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துதான் அடுத்த தண்ணீர். படகில் மலசலகூடம் இல்லை. தினமும் போய்வரும் பெண்கள் பலருக்கும் இதுதான் வழக்கம். யாரும் சொல்லித் தந்ததில்லை. முதல் வாரத்திலேயே பழகிவிடும்.

என்னோடு வேலை செய்பவள் சிவமலர். வேலணைப் பெண், என்னை விடப் பத்து வயது இளையவள், நயினாதீவுக் கோயிலில் இருக்கும் நயினை அம்மாளிடம் நேர்த்திக்கடன் வைக்காமல் ஒரு காரியமும் தொடங்கமாட்டாள். அவள் சொல்லுவாள்: "நெடுந்தீவைப் பாக்க வாற சனம் காட்டுக்குதிரையைத்தான் படம் பிடிக்குதுகள். நாங்கள் இத்தினை ஒட்டகம் இதுக்குள்ள இருக்கிறம், ஒருத்தரும் திரும்பிப் பாக்கினமில்லை." படகில் எல்லாப் பெண்களும் சிரிப்போம். நாக்கு வறண்டிருந்தாலும் சிரிப்பு வந்தது.

தலையிடி அடிக்கடி வரும். பார்மசியில் வலிக்கு நோக்குளிசை வாங்கிப் போடுவேன். மதியச் சாப்பாட்டுப் பொதியில் பொரித்த கருவாடு இல்லாத நாள் குறைவு. சிறுநீர் போகும்போது எரியும் சலக்கடுப்பும் இரண்டு மூன்று முறை வந்தது. கடைக் குளிசையோடு அதையும் சமாளித்தேன். வைத்தியரிடம் போக ஒரு நாள் லீவு எடுக்க வேண்டும். அந்த லீவை இடமாற்றம் கேட்டு அலையவே வைத்திருந்தேன்.

இடமாற்றம்தான் என் செபம் முழுவதும். அப்போது ஐந்து வருடமாக ஒரே மன்றாட்டு. மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் இல்லை என்று வந்தது. அந்தத் தவக்காலத்தில் செபத்தோடு ஓர் ஒறுத்தலும் சேர்த்தேன். மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள், மீனை விடுவார்கள். நான் தண்ணீரை விட்டேன். வேலை நாள்களில் விடிகாலைப் பிளேன்ரீக்குப் பிறகு வீடு திரும்பும் வரை ஒரு சொட்டும் இல்லை. வெறும் பழக்கமாக இருந்ததை நேர்த்தியாக மாற்றினேன். சிலுவையில் ஆண்டவரும் தாகத்தோடு இருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை மதியத்துக்குப் பிறகு அலுவலகத்தில் நடுக்கம் பிடித்தது. சித்திரை வெயிலுக்கு முந்திய வெக்கையில் பல்லோடு பல் அடித்தது. முதுகின் ஒரு பக்கம் கத்தியால் குத்துவது போல வலி. சிவமலர்தான் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினாள். நடுக்கடலில் தன் போத்தலைத் திறந்து நீட்டினாள்.

"குடியுங்கோ அக்கா."

"வேண்டாம் மலர். ஒறுத்தல்."

"உங்கட சாமி கொஞ்ச நேரம் அங்காலை பாப்பார். டக்கெண்டு குடியுங்கோ."

நான் குடிக்கவில்லை.

கணவர் குறிகட்டுவானுக்கே வந்து ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். குருதி அமுக்கம் பார்த்த தாதி அளவியைக் கழற்றி மற்றக் கையில் கட்டித் திரும்பவும் பார்த்தார். பிறகு வைத்தியரைக் கூப்பிடப் போனார். வந்த வைத்தியர் இளம் பெண்.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீங்கள் அக்கா?"

"விடிய. அரைக் கோப்பை பிளேன்ரீ."

"விரதமோ?"

"ஒறுத்தல்."

"அப்பிடியெண்டா?"

"ஆண்டவருக்காக ஒண்டை விட்டுக் குடுக்கிறது, டொக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "தண்ணியை அவர் கேட்டவரோ?"

அதில் கேலி இல்லை. உண்மையிலேயே கேட்டார். பத்திரிகையில் இருந்தபோது, சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு உறுதிப்படுத்தாத செய்தி அச்சுக்குப் போகாது. நான் ஆண்டவரிடம் கேட்டு உறுதிப்படுத்தவில்லை.

அன்றிரவே யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வைத்தியர் சொன்னதை என் கணவர் எனக்குச் சொன்னார். என்னிடம் மறைக்க அவருக்குத் தெரியாது. சலத்தில் பிடித்த கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. பல காலமாகத் தெரியாமல் இருந்த பிரசர், நோக்குளிசை, தண்ணீரில்லாத உடம்பு, மூன்றும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் களைக்க வைத்திருந்தன.

"இன்னும் போகேல்லையாம்," என்றார். "போற வழியில நிக்குதாம். திரும்பி வருமோ எண்டு இப்ப சொல்ல ஏலாதாம்."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தபடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் எஞ்சின் நின்றபோதுகூட அவரை அப்படி நான் கண்டதில்லை.

என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருந்தது. வாரத்தில் குறித்த நாள்களில் இயந்திரத்தோடு இணைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவருக்கு அளவு போட்டிருந்தார்கள். என் மேசையில் இருந்த போத்தலை அவர் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "தங்கச்சி, ஏலுமான காலத்தில குடியும்," என்றார். அவ்வளவுதான்.

புதன்கிழமை. வைத்தியசாலை விடுதியில் மதியச் சாப்பாடு கொடுத்து முடிந்த நேரம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு செபித்தேன். அழுகை வரவில்லை, பயம்தான் இருந்தது. ஐந்து வருடச் செபத்தை அன்று மாற்றினேன். "ஆண்டவரே, இடமாற்றம் கேட்டு உமக்கு நல்லாக் கரைச்சல் தந்திட்டன். அதை விடும். இந்தச் சிறுநீரகத்தைத் திருப்பித் தாரும். நான் இருக்கிற இடத்திலேயே ஒரு வாய் தண்ணி குடிச்சு வேலை செய்ய ஒரு வழியைத் திறவும்." இதுதான் முழுச் செபமும். பிறகு எழுந்து ஒரு கோப்பை தண்ணீர் குடித்தேன்.

சனிக்கிழமை சிவமலர் பார்க்க வந்தாள். தோடம்பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

அவள் சொன்னது விளங்க வேண்டுமானால் அந்தத் திறப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் உண்டு. வெளியார் வந்து தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். நெடுந்தீவில் தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் இதைக் குறை சொல்லமாட்டார்கள். திறப்பு பொறுப்பதிகாரியின் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. தொலையாமல் இருக்க அதை ஒரு பால்மா ரின் தகர மூடியோடு கட்டியிருந்தார்கள். எடுத்தால் மூடி சத்தம் போடும். பொதுமக்கள் நிறைந்த மண்டபத்தின் நடுவே அதைக் கிலுக்கிக்கொண்டு நடக்க வேண்டும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. ஆகவே ஒருத்தியும் எடுப்பதில்லை. எடுக்காமல் இருக்க, குடிப்பதில்லை.

ஆனால் எல்லோரும் படகைத்தான் காரணமாகச் சொன்னோம். படகு ஒரு மணி நேரம். மீதி நேரம் முழுவதும் நாங்கள் தரையில்தான் இருந்தோம். ஐந்து வருடமாக இதை நான் கவனிக்கவில்லை.

சிவமலர் அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நின்றாளாம்.

"சேர், ஜெசிந்தா அக்கா ஏன் ஆசுப்பத்திரியில கிடக்கிறா எண்டு தெரியுமோ?"

"காய்ச்சல் எண்டு சொன்னினம்."

"இல்லை சேர். உங்களுக்குப் பின்னால தொங்குது."

எல்லோரும் ஆணியைப் பார்த்தார்களாம். பொறுப்பதிகாரி நல்ல மனிதர். திரும்பிப் பார்த்துவிட்டு, "இத்தினை வருசமா ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டிருக்கிறார்.

"திறப்பைக் கேக்கவே வெக்கம் சேர். பிறகு திறப்பைப் பற்றி எப்பிடிக் கேக்கிறது?"

ஒரு பெண் அழுதாளாம். பிறகு ஒவ்வொருத்தியாகப் பேசினார்களாம். ஒருத்திக்கு இரண்டு முறை சலத்தில் கிருமி. இன்னொருத்தி கர்ப்பமாக இருந்த காலத்திலும் தண்ணீர் குடிக்காமலே வந்து போயிருக்கிறாள்.

நான் சிவமலரிடம் கேட்டேன்: "எப்ப நடந்தது?"

"புதன்கிழமை. மத்தியானம் சாப்பிட்ட கையோட."

எனக்கு மேனி சிலிர்த்தது. ஆனாலும் பழைய பத்திரிகைப் பழக்கம் விடவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகு வேறு இருவரிடம் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் அதையே சொன்னார்கள். விடுதிச் சுவரைப் பார்த்து நான் ஒரு வழியைத் திறவும் என்று கேட்ட நேரமும், சிவமலர் எழுந்து நின்ற நேரமும் ஒன்று. எங்கள் பேச்சில் சாவிக்கும் திறப்பு என்றுதான் பெயர். நான் கேட்டதை ஆண்டவர் அப்படியே எடுத்துக்கொண்டார் என்று நம்புகிறேன். நயினை அம்மாள்தான் தனக்கு வாய் தந்தது என்று சிவமலர் சொல்கிறாள். இதில் நாங்கள் இருவரும் சண்டை பிடிப்பதில்லை.

சிறுநீரகம் உடனே திரும்பவில்லை. மாதங்கள் எடுத்தன. ஒவ்வொரு கிளினிக்குக்கும் போகும்போது செபமாலை கையில் இருந்தது. இரத்தப் பரிசோதனையில் கழிவின் அளவு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கியது. கார்த்திகை மாதக் கிளினிக்கில் வைத்தியர் தாளைப் பார்த்து, "சரியான அளவுக்கு வந்திட்டுது. இனிக் கவனமா வைச்சிருக்கிறது உங்கட வேலை," என்றார். பிரசர்க் குளிசை தொடர்கிறது. நோக்குளிசையை விட்டுவிட்டேன். எனக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் அவரே சொன்னார். இதை வாசிப்பவர்களில் சிறுநீரகமோ இருதயமோ பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால், என் கதையைக் கேட்டுக் கூடக் குடிக்க வேண்டாம். உங்கள் அளவை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

அலுவலகத்திலும் சில விடயங்கள் மாறின. மண்டபத்தின் வாசலில் குடிதண்ணீர்ப் பானை வந்தது. சுகாதாரப் பகுதியினர் ஒரு நாள் வந்து எல்லோருக்கும் பிரசரும் இரத்தச் சீனியும் பார்த்தார்கள். இருவருக்குப் பிரசர் இருந்தது; அவர்களுக்கு அதுவரை தெரியாது. பொறுப்பதிகாரிக்குச் சீனி. இப்போது அவருக்கு வெறும் தேநீர்தான். மதியத்தில் இறங்குதுறைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார். "சேருக்கும் குதிரைக்கும் இப்ப நல்ல சிநேகிதம்," என்கிறாள் சிவமலர். "ஒட்டகம்தான் அழிஞ்சு போச்சு."

இந்த வருடம் தவக்காலம் வந்தபோது என்ன ஒறுத்தல் செய்வது என்று யோசித்தேன். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். கருவாட்டை விட்டேன். மீன்காரர் வீட்டில் அது சின்ன விடயம் அல்ல. கணவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போன வருசம் தண்ணியை விட்டாய். இந்த வருசம் கருவாட்டை விடுறாய். அடுத்த வருசம் என்னை விடுவியோ?"

"அது உம்மட நடத்தையைப் பொறுத்தது," என்றேன்.

உயிர்ப்பு ஞாயிறு வந்து போனது. கருவாடு திரும்பி வரவில்லை. அவரும் இப்போது கேட்பதில்லை.

அன்பானவர்களே, உங்களுக்கும் ஐந்து வருடச் செபம் ஒன்று இருக்கும். அதை விடாதீர்கள். ஆனால் ஆண்டவர் கேட்காத விலையை உங்கள் உடம்பில் இருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த உடம்பும் அவர் தந்ததுதான். தலையிடி, கால் வீக்கம், சலக்கடுப்பு என்று உடம்பு சொன்னால் அன்றே போய்க் காட்டுங்கள். வேலை செய்யும் இடத்தில் கேட்க வெட்கமான ஒன்று இருந்தால், முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள். எழுந்து நிற்க ஓர் ஆளை அவர் தருவார். அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார். அவருக்கே நன்றி.

இடமாற்றம் வரவில்லை. இந்த முறை நான் விண்ணப்பிக்கவும் இல்லை.

பால்மா ரின் மூடியைக் கழற்றி எறிந்தாயிற்று. திறப்பு இப்போது மலசலகூடக் கதவின் உட்பக்கத்தில் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் உள்ள ஆணியில் சேரின் குடை தொங்குகிறது.