காதுகுத்துக்கு வந்த மருதாணித் தாடி

வேனில் அம்மா, அக்கா, அவள் கைக்குழந்தை, நான் இருந்தோம். அத்தான் கப்பல் வேலையில் இருந்ததால் வரவில்லை. திருச்செந்தூரில் பிள்ளைக்குக் காதுகுத்து. வீட்டில் படித்தவன் என்று ஏற்பாட்டையெல்லாம் என்னிடம் விட்டிருந்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிற சமயத்தில், ஆறுமுகநேரி உப்பளத்தருகே நான் பேசிய வேன் நின்றுவிட்டது.

உப்பு மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று தானாக வந்து நின்றது. ஓட்டியவருக்கு வெள்ளைத் தொப்பி, மருதாணி பூசிய நீளத் தாடி. எதைப் பேசுவதற்கு முன்னும் அந்தத் தாடியை நீவிக்கொள்வார்.

அம்மா தயங்கினாள். "பாய், கோயில் காரியம். உங்க மார்க்கத்துல ஏதும் சொல்ல மாட்டாவளா?"

தாடியை நீவினார். "உங்க சாமிய நீங்க கும்பிடுங்க, என் தொழுகைய நான் பாத்துக்கிடுதேன். வழியில நிக்கவங்கள விட்டுட்டுப் போனாத்தான் எங்க மார்க்கத்துல கேள்வி உண்டு. ஏறுங்கம்மா."

அக்கா பிள்ளையோடு முன்னால் உட்கார்ந்தாள். நாங்கள் மூட்டைமேல். இறங்கும்போது பிள்ளை அவர் தாடியைப் பிடித்திருந்தான். பிரித்தால் அலறினான்.

கோயிலுக்கு வெளியே, தாய்மாமன் என் மடியில் பிள்ளை. எதிரே குனிந்தபடி அவர். காது குத்த வந்த ஆசாரி, "இதுல யாருய்யா தாய்மாமன்?" என்றார்.

"மடி தம்பியோடது. தாடி மட்டும் என்னது. சீக்கிரம் குத்துங்க அண்ணாச்சி, கழுத்து வலிக்கி."

பிள்ளை அழவேயில்லை, தாடியை இழுப்பதிலேயே குறியாக இருந்தான். அம்மா நீட்டிய திருநீற்றை, "எங்களுக்கு வழக்கமில்லம்மா" என்று சிரித்தபடி மறுத்தவர், கடையில் வாங்கிய கருப்பட்டி மிட்டாயை வாங்கிக்கொண்டார். வாடகை வேண்டாமென்று கிளம்பிவிட்டார். சிரித்த சிரிப்பில் நாங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பயணத்துக்கு ஆன மொத்தச் செலவு, பிள்ளையின் உள்ளங்கையில் ஒட்டியிருந்த நாலைந்து சிவப்பு முடி. அதுவும் அவர் கணக்கில்தான்.