விஞ்ஞான வாரத்தில் எங்கள் கிணறு

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பிரிவினர் மலாக்காவுக்கு வந்து, ஒரு வாரம் தங்கி, பொதுமக்களுக்குச் சொற்பொழிவும் கண்காட்சியும் நடத்தினார்கள். காஜா பெராங்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய லோரி வந்து நின்றபோது நான் எதிர்க் காப்பிக் கடையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பெட்டிகளை இறக்க ஆள் தேடினார்கள். எழுந்து போனேன். வாரம் முடியும்வரை என்னை வைத்துக்கொண்டார்கள்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு குளுவாங்கில் ரயில் பாதையில் கல் கொட்டினேன். கிள்ளானில் மீன் பெட்டி தூக்கினேன். சிரம்பானில் சினிமா விளம்பரம் ஒட்டினேன். எந்த ஊரிலும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. காஜா பெராங்கில் அப்போது ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்குக் காரணம் நான் பின்னறையில் குடியிருந்த வீட்டு அக்கா. வந்த புதிதில் எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தார். யார், எந்த ஊர் என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். அவர் கணவர் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை அடுக்குபவர். மிளகாய் நெடியோடு வருவார், சாப்பிடுவார், தூங்கிவிடுவார்.

அவர்களுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்த மழைக்காலத்தில் மூன்றாவது முறையாக அதற்கு வயிற்றுப்போக்கு. விலா எலும்புகளை எண்ணலாம் போல ஆகிவிட்டது. அதற்கு முன் பிறந்த பையன் இதே வயதில் இதே போல் போய்ச் சேர்ந்தான். பிள்ளையார் கோயிலில் வேண்டிக்கொண்டார்கள், மந்திரித்தார்கள், ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்தார்கள். குழந்தை தேறும், பத்து நாளில் மறுபடி படுக்கும்.

மண்டபத்தில் திங்கட்கிழமை கொடியும் வரவேற்புரையும். செவ்வாய்க்கிழமை நட்சத்திரங்கள். புதன்கிழமை பாம்புகள். அன்றுதான் கூட்டம் அதிகம். குருபோங்கிலிருந்துகூடச் சைக்கிளில் வந்திருந்தார்கள். நான் நாற்காலி போட்டேன், திரை இழுத்துக் கட்டினேன், நடுநடுவே நின்று கேட்டேன். ஆங்கிலத்தில் பேசுவதை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் சொல்ல ஆள் வைத்திருந்தார்கள். ஒரு நிமிஷப் பேச்சு நான்கு நிமிஷம் ஆகும். யாரும் எழுந்து போகவில்லை. எல்லா மொழியிலும் பாம்பைப் பற்றிக் கேட்க எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஓரத்து மேசையில் பூதக்கண்ணாடிகளும் கண்ணாடிக் குழாய்களும் வைத்திருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. பினாங்கில் பிறந்தவர், முப்பது வயதிருக்கும். தண்ணீரில் கிருமி பார்ப்பது அவர் வேலை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அவரை டாக்டரம்மா என்று கூப்பிட்டு, வரிசையில் நின்று கை கால்களைக் காட்டினார்கள்.

“நான் அந்த டாக்டர் இல்லம்மா. தண்ணிக்குத்தான் பாக்குறேன்” என்றார் அவர்.

“சரி, என் முட்டியிலயும் தண்ணிதான் கோத்திருக்கு, பாருங்க” என்றாள் ஒருத்தி.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு முட்டியை அழுத்திப் பார்த்தார்.

அந்த வரிசையில் எங்கள் அக்காவும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய முறை வந்ததும், “கண்ணு பட்டதா, தண்ணியா, இல்ல என் வயித்துல பொறந்த பாவமா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க. அது தெரிஞ்சாப் போதும்” என்றார்.

“தண்ணியா இல்லையான்னு மட்டும் என்னால சொல்ல முடியும்” என்றார் அந்தப் பெண்மணி. “அதுக்குத்தான் வந்திருக்கோம்.”

விஷயம் இதுதான். வீடுகளிலிருந்து கிணற்றுத் தண்ணீரை வாங்கி, ஊதா நிறச் சாறு உள்ள குழாய்களில் கலந்து, உள்ளே விளக்கு எரியும் மரப்பெட்டியில் ஒரு நாள் வைப்பார்கள். குஞ்சு பொரிக்கும் பெட்டி மாதிரி அது சூடாக இருக்கும். தண்ணீரில் மலக்கிருமி இருந்தால் ஊதா மஞ்சளாகி நுரைக்கும். சனிக்கிழமை நண்பகலில் எல்லோர் முன்னிலும் முடிவு சொல்வார்கள். சுத்தம் செய்த போத்தல்களை வீடு வீடாகக் கொடுத்து வாங்கி வரும் வேலை எனக்கு.

புதன் மாலை கொடுத்தேன். “ஒங்க வீட்டுத் தண்ணி இதுல வேணும். நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்” என்றுதான் எல்லா வீட்டிலும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை சேகரிக்கப் போனபோது ஒவ்வொரு வீட்டிலும் போத்தலைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். சிலர் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். பக்கத்து மலாக்காச் செட்டி வீட்டு அம்மாள், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர், திருநீறு பூசியவர், ஆனால் தமிழ் வராது, மலாய்தான் பேசுவார், கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்து “பெர்சே, பெர்சே” என்று இரண்டு முறை சொன்னார். சுத்தம், சுத்தம் என்று அர்த்தம். அக்கா கொடுத்த போத்தல் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக் கூடையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தார்கள். அத்தனை குழாயும் ஊதா. ஒன்றுகூட மாறவில்லை.

அந்தப் பெண்மணி வெகுநேரம் பார்த்தார். பிறகு மீதித் தண்ணீர் இருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றின் அடியில் சீரகம் கிடந்தது.

“இது என்னங்க?” என்று என்னைக் கேட்டார்.

“சீரகம்.”

“அது தெரியுது. கிணத்துல சீரகமா வெளையுது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “காய்ச்சிக் குடுத்திருக்காங்க” என்றேன்.

“யாரு காய்ச்சச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. வெளியூர்லேருந்து வந்தவங்க தண்ணி கேட்டா யாரு பச்சத் தண்ணி குடுப்பா? நான் போத்தலத்தான் குடுத்தேன், வேற ஒண்ணும் சொல்லல. என் தப்புதான்.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டு வாங்கியே பழகியவன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “உங்க தப்பு பாதி, என் தப்பு பாதி. நானும் சொல்லல” என்றார். பிறகு மணியைப் பார்த்தார். “இப்ப எடுத்தா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தெரியும். எல்லா வீட்டுக்கும் நேரமில்ல. அந்தப் பிள்ள வீட்டுக் கிணறு மட்டும் போதும்.” அடியில் ஈயக் குண்டும் கழுத்தில் கயிறும் கட்டிய ஒரு போத்தலைக் கொடுத்தார்.

எங்கள் கிணறு எட்டு வீட்டுக்குப் பொது. வாளிக் கக்கூஸ் வரிசை அதற்குப் பத்தடி தள்ளி. கிணறு கெட்டது என்று வெளியே தெரிந்தால் நகராட்சி ஆள் வந்து மூடிவிடுவான். பைப்பு இருப்பது பெரிய சாலையில். எட்டு வீட்டுப் பெண்களும் அங்கே போய்க் குடம் சுமக்க வேண்டும். வாடகைக்கு வந்த நாடோடி செய்த வேலை என்பார்கள், அக்காவையும் சேர்த்துப் பேசுவார்கள். எனக்கு இருக்க ஓர் இடம் போகும். இதையெல்லாம் வழியில் யோசித்துக்கொண்டுதான் போனேன்.

அக்கா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“நேத்துதானே குடுத்தேன்?”

“அது காய்ச்சின தண்ணிக்கா.”

“பின்ன? படிச்ச பொம்பள வாயில வைக்கப் போறா, பாசி நாத்தத்தோடயா குடுக்கறது?”

“அவங்க குடிக்கக் கேக்கல.”

அக்கா கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். “நாளைக்கு மேடையில நின்னு, இன்னார் வீட்டுத் தண்ணி பீத்தண்ணின்னு சொல்லுவாங்க. எட்டு வீடும் என் வாசல்ல வந்து நிக்கும். நீ பையத் தூக்கிட்டு வேற ஊருக்குப் போயிருவ. நான் எங்க போறது தம்பி?”

அதில் பொய் ஒன்றும் இல்லை. வாசலில் குழந்தை தகரக் குவளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கேட்டேன்: “வந்தவங்களுக்குக் காய்ச்சினது குடுத்தீங்க. பாப்பாவுக்கு எந்தத் தண்ணிக்கா குடுக்கறீங்க?”

“வெறகு வாங்கிக் கட்டுப்படியாகுமா? மூணு வேளையும் காய்ச்சி...” அவர் அங்கேயே நிறுத்திவிட்டார். குழந்தையிடம் போய்க் குவளையை வாங்கினார். தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார். திரும்பி வந்து என் கையிலிருந்த போத்தலைப் பிடுங்கி, அவரே கிணற்றில் இறக்கினார்.

சனிக்கிழமை பெட்டியைத் திறந்தபோது ஊதாக் குழாய்களுக்கு நடுவே எங்களுடையது கடுகு எண்ணெய் போல மஞ்சளாக நின்றது, மேலே நுரை. அக்கா சீக்கிரமே வந்திருந்தார். அந்தப் பெண்மணி அவரை மட்டும் திரைக்குப் பின்னால் அழைத்துக் காட்டினார். அக்கா அழவில்லை. “அப்ப கண்ணு இல்ல” என்றார். பிறகு, “பெரியவனுக்கும் இதானா?” என்று கேட்டார்.

“தெரியலம்மா. இருக்கலாம்” என்றார் அவர்.

மேடையில் அந்தப் பெண்மணி எந்த வீடென்றும் சொல்லவில்லை, எந்தத் தெருவென்றும் சொல்லவில்லை. “இந்த வாரம் எனக்கு நிறைய போத்தல் வந்துச்சு. அதுலேருந்து ஒண்ணுதான் தெரிஞ்சுது, இந்த ஊர்க்காரங்க விருந்தாளிய நல்லாக் கவனிப்பாங்க. எல்லாரும் காய்ச்சித் தந்திருக்கீங்க” என்றார். மண்டபம் சிரித்தது. “ஒரு போத்தல்தான் நான் கேட்ட மாதிரி வந்துச்சு. அது மஞ்சளாயிருச்சு. மத்தவங்க வீட்டுத் தண்ணி எப்படின்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.”

சிரிப்பு அப்படியே அடங்கியது.

அக்கா தானாகவே எழுந்து நின்றார். “அது எங்க கிணறு” என்றார். எட்டு வீட்டுப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உட்காரவில்லை. நான் ஓரத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை பெட்டிகளை லோரியில் ஏற்ற வேண்டியிருந்தது. முடியவில்லை. வாசலில் பெண்கள் போத்தல்களோடு நின்றார்கள், இந்த முறை பச்சைத் தண்ணீர். அந்தப் பெண்மணி திங்கட்கிழமை வரை இருந்து எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் போனார். கிளம்பும்போது என் கையைக் குலுக்கினார். படித்த பெண் ஒருவர் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் முறை. பெட்டியெல்லாம் சரியாகக் கட்டியிருக்கிறேன் என்று சொன்னேன்.

நகராட்சி ஆட்கள் வந்து கிணற்றில் பலகை அடித்தார்கள். நான் நினைத்ததுபோலவே பேச்சு எழுந்தது. மூன்று வீட்டில் எங்களோடு பேசவில்லை, ஒருத்தி என் காதுபடவே “ஒண்ட வந்தவன் ஊர்க் கெணத்த மூடிட்டான்” என்றாள். ஆனால் நான் பையைத் தூக்கவில்லை. காலையும் மாலையும் காவடிக் கட்டையில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம் கட்டிப் பெரிய சாலைப் பைப்பிலிருந்து தண்ணீர் சுமந்தேன், முதலில் எங்கள் வீட்டுக்கு, பிறகு பேசாத வீடுகளுக்கும். தோள் தோலுரிந்து காய்த்தது. அதில் பெருமை ஒன்றுமில்லை, ரயில் பாதையில் இதைவிடக் கனம் தூக்கியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, தகரங்களை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அக்கா கக்கூஸ் பக்கத்திலிருந்து குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“தம்பி, இன்னிக்குக் கட்டியாப் போயிருக்கா.”

எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல சேதி சொல்லியிருக்கிறார்கள். இதற்குச் சமமாக ஒன்றும் இல்லை. குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பசிக்கிறது என்றது.