மைக்கில் சங்கரியின் பெயர்

பதிவுப் பொத்தானை அமுக்கியதும் சுடலைமணி இரண்டடி பின்வாங்கிக் கைகளைக் கட்டிக்கொள்வார். "நம்ம கை இருக்கே, அதுதான் எனக்குச் சத்துரு. ஒழுங்கா ஓடுறதைத் தொட்டுக் கெடுத்துரும்" என்பார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசிக் கிடங்கின் மாடியறை. கல்யாணம், கோயில் உற்சவம், பள்ளி விழா என்று எது லைவில் ஓடினாலும், பார்க்க முடியாதவர்களுக்காகப் பதிந்து வைப்பது அவர் தொழில். திறக்காமல் அடம்பிடிக்கும் வீடியோக்களையும் சரிசெய்து கொடுப்பார். வருகிறவர்களுக்கு உபதேசம் இலவசம்: "எம்பி ஃபோர்ல பதியாதீங்க சேட்டா. பாதியில கரண்ட் போச்சுன்னா ஃபைல் தொறக்காது. எம்கேவியில பதிஞ்சு, அப்புறம் மாத்திக்கணும்."

சென்ற மாதம் அவரே எம்பி ஃபோரில் பதிந்தார். அப்புறம் மாற்றச் சோம்பல், வேறொன்றுமில்லை. அன்றைக்கென்று பார்த்துக் கரண்டும் போனது. லேப்டாப் பேட்டரி செத்து இரண்டு வருடமாகிறது. அதை மாற்றவும் சோம்பல்தான்.

கெட்டுப்போனது, இசக்கிசெல்வியின் மகள் சங்கரி பள்ளி ஆண்டுவிழாவில் மலையாளக் கவிதை சொன்ன வீடியோ. இசக்கிசெல்வி பக்கத்துக் கடைத்தெருவான ஜூ டவுனில், ஓட்டல் ஒன்றில் பாத்திரம் தேய்ப்பவள். அன்று லீவு கிடைக்கவில்லை. "எம்மவ பேரை மைக்குல கூப்பிடுவாகல்லா, அதைக் கேட்டாலே போதும்ணே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பள்ளிக்கூடமோ விழா முடிந்ததும் லைவை நீக்கிவிட்டது.

கெட்ட ஃபைலைச் சரிசெய்ய, அதே செட்டிங்கில் பதிந்த நல்ல ஃபைல் ஒன்று மாதிரிக்கு வேண்டும். அன்று இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று செட்டிங்கை நோண்டியிருந்தார். என்ன நோண்டினார் என்பதுதான் நினைவில்லை. ஒவ்வொன்றாக மாற்றித் தன்னையே பதிந்து பார்த்தார். "டெஸ்ட் ஒண்ணு. உபதேசம் பண்ற முட்டாள் பேசுறேன்." "டெஸ்ட் ஒம்பது. முட்டாள் சாயா குடிச்சுட்டு வந்தாச்சு." இருபத்திரண்டாவதில் கெட்ட ஃபைல் திறந்தது. சங்கரி மேடையில் நின்றாள், குரலும் தெளிவு. ஆனால் பெயர் அழைக்கும் இடத்தில் படம் மட்டும் ஓடியது, ஒலி இல்லை. அந்தப் பத்து நொடி எதற்கும் மசியவில்லை. அவருக்கு அழுகை வந்தது. நாற்பத்தெட்டு வயதில் பத்து நொடிக்காக அழுகிற ஆள் கேரளத்திலேயே தான் ஒருவன்தான் என்று மூக்கைச் சிந்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இசக்கிசெல்வி வந்தாள். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கரண்ட் போனது நெசம் தங்கச்சி. ஆனா தப்பு என்னோடதுதான். பேர் சொல்ற சத்தம் போயிருச்சு. மத்ததெல்லாம் இருக்கு."

"செரிண்ணே. இருக்கதைப் போடுங்க" என்றபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

படம் ஓடியது. அறிவிப்பாளர் மைக் முன் வந்து சத்தமில்லாமல் வாயசைக்கத் தொடங்கினார். சுடலைமணி எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கீழே மூட்டை இறக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி, விழா மேடை மலையாளத்தில் உரக்க அறிவித்தார்: "அடுத்ததாயி கவிதாலாபனம். எட்டாம் கிளாஸ் பி, குமாரி இசக்கிசெல்வி சங்கரி."